பேரே கேட்கலைன்னா பெரிய ஆள்! - கார்னர்பேக்கை எடைபோடுவது எப்படி?

பாயின்ட் திசையில் பந்தைத் தட்டிவிட்டு ரன்னுக்காக ரெண்டு அடி எடுத்து வைப்பார் பேட்ஸ்மேன். எதிர்முனையில இருந்து "நோ... நோ..."ன்னு அலறல் வரும். ஏன்னா அங்கே நிற்பது ஜடேஜா. அவர் பந்தை எடுத்து எறியக்கூட இல்லை. சும்மா நின்றதிலேயே ஒரு ரன் மிச்சம். ஆனால், ஸ்கோர்கார்டில் அந்த ஒரு ரன்னை ஜடேஜா பேரில் யாரும் எழுத மாட்டார்கள்.

அமெரிக்க ஃபுட்பாலில், இப்படி யாரும் எழுதாத வேலையையே முழுநேரத் தொழிலாகச் செய்யும் ஒரு ஆட்டக்காரர் இருக்கிறார். அவர்தான் கார்னர்பேக். அவர் வேலையைச் சரியாகச் செய்தால் அவர் பக்கம் பந்தே வராது. பந்து வராவிட்டால் கேமரா வராது. கேமரா வராவிட்டால் கமென்டேட்டர் பேரைச் சொல்ல மாட்டார். அப்போ அவர் நல்ல ஆட்டக்காரரா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒருத்தருக்குக் கிடைக்கிற விருதும், கோடிக்கணக்கான டாலர் சம்பளமும் இந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பின்னோக்கி ஓடும் மனுஷன்

முதல்ல பேசிக்ஸ் பாஸ். என்.எஃப்.எல் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்புகள். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். ஓடிப்போய்ப் பிடிப்பவர்களில் முக்கியமானவர் வைட் ரிசீவர். அந்த ரிசீவரைப் பந்து பிடிக்கவிடாமல் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடுபவர்தான் நம்ம கார்னர்பேக்.

இதில் ஒரு அநியாயம் இருக்கு. எந்த இடத்தில் திரும்பப்போகிறோம், எப்போது நிற்கப்போகிறோம் என்பது ரிசீவருக்கு முன்பே தெரியும். கார்னர்பேக்குக்கு எதுவும் தெரியாது. ரிசீவர் முன்னோக்கி ஓடுகிறார். இவர் பல நேரங்களில் பின்னோக்கி ஓடுகிறார். எதிராளி திரும்பும் அந்த நொடியில் இவரும் இடுப்பைத் திருப்பி முழு வேகத்துக்குப் போக வேண்டும். அதனால்தான் 'ரிசீவரோட கண்ணைப் பார்க்காதே, தலையைப் பார்க்காதே, இடுப்பைப் பார்' என்று கோச்சுகள் சொல்லித் தருகிறார்கள். தலையும் தோளும் ஏமாற்றும். இடுப்பு போகும் திசையில்தான் ஆள் போவார்.

சரி, கையால் பிடித்து நிறுத்தலாமே? அதுவும் முடியாது. ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து முதல் 5 யார்டு வரைதான் ரிசீவரைத் தடுத்து இடிக்க அனுமதி. 1978-ல் இந்த விதி வந்தது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மெல் பிளவுன்ட் ரிசீவர்களை மைதானம் முழுக்க முரட்டுத்தனமாக இடித்துத் தள்ளியதால், இதற்கு 'மெல் பிளவுன்ட் விதி' என்றே பேர் வைத்துவிட்டார்கள். பந்து காற்றில் இருக்கும்போது ரிசீவரை இழுத்தாலோ தள்ளினாலோ தண்டனை இன்னும் மோசம். தப்பு நடந்த இடத்துக்கே பந்து போய்விடும். 40 யார்டு தள்ளி நடந்திருந்தால், ஒரே தவறில் 40 யார்டு காலி!

பறித்த பந்துகள் சொல்லும் பாதிக் கதை

கார்னர்பேக்கை எடைபோட எல்லோரும் முதலில் பார்ப்பது இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி எறிந்த பந்தை எத்தனை முறை பறித்தார் என்ற கணக்கு. கண்ணுக்குத் தெரிகிற சாதனை, ரீல்ஸுக்கு ஏற்ற ஐட்டம். ஆனால், இதை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம்.

2021 சீசனை எடுத்துக்குவோம். டல்லஸ் கௌபாய்ஸ் அணியின் டிரெவான் டிக்ஸ் அந்த வருஷம் 11 பந்துகளைப் பறித்தார். லீக்கிலேயே அவர்தான் முதலிடம். ஆனால் அதே சீசனில், ஒவ்வோர் ஆட்டத்தையும் ஃபிலிமில் பார்த்து மதிப்பெண் போடும் பி.எஃப்.எஃப் நிறுவனத்தின் கணக்குப்படி, அவர் காவல் காத்த ரிசீவர்கள் ஆயிரம் யார்டுக்கு மேல் சேர்த்தார்கள். டிக்ஸ் கல்லூரியில் ரிசீவராகத் தொடங்கியவர். பந்து எங்கே வரும் என்று ஊகித்துப் பாய்வது அவர் ஸ்டைல். ஊகம் சரியானால் ஹீரோ. தப்பினால் ரிசீவர் தனியாக ஓடிக்கொண்டிருப்பார்.

இதுக்கு அப்படியே உல்டா, ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் அணியில் இருந்த நாம்டி அசமுவா. 2006-ல் அவர் 8 பந்துகளைப் பறித்தார். குவார்ட்டர்பேக்குகள் உஷாராகிவிட்டார்கள். அதன்பிறகு 2007-ல் 1, 2008-ல் 1, 2009-ல் 1, 2010-ல் பூஜ்யம். பேப்பரில் பார்த்தால், 'மனுஷன் முடிஞ்சுட்டார்' என்று தோன்றும். நிஜத்தில் அவர் பக்கம் பந்தை எறியவே பயந்தார்கள். பூஜ்யம் எடுத்த அந்த 2010-லும் நாட்டின் சிறந்த அணியான 'ஆல்-ப்ரோ' பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அந்தப் பூஜ்யத்துக்கு என்ன அர்த்தம் என்பது ஃபிலிம் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தத் தீவுக்குப் போனவர் திரும்பியதில்லை

2009-ல் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு ஆடிய டாரெல் ரெவிஸுக்கு ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் 'ரெவிஸ் தீவு'. எதிரணியின் நம்பர் ஒன் ரிசீவரை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, மற்ற பத்துப் பேரும் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பின்னால் பெரிய உதவி இருக்காது. தீவில் சிக்கிய மாதிரி, அவரும் ரிசீவரும் மட்டும்.

சீசனின் முதல் ஆட்டத்தில் ஹூஸ்டனின் ஆண்ட்ரே ஜான்சன் சிக்கினார். அந்த வருஷம் லீக்கிலேயே அதிக யார்டுகள் (1,569) சேர்த்தவர் அவர்தான். ரெவிஸ் இருந்த அந்த ஆட்டத்தில் 4 கேட்ச், 35 யார்டு. அடுத்த வாரம் ரேண்டி மாஸ்: 4 கேட்ச், 24 யார்டு. சீசனின் கடைசி ஆட்டத்தில் சின்சினாட்டியின் சாட் ஓச்சோசின்கோ: ஒரு கேட்ச்கூட இல்லை. ரெவிஸ் மொத்தம் 31 பாஸ்களைத் தட்டிவிட்டார். இது ஓர் அசாத்தியமான எண்ணிக்கை.

அந்த வருஷத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது யாருக்குப் போனது தெரியுமா? கிரீன் பே அணியின் சார்ல்ஸ் வுட்சனுக்கு. அவர் 9 இன்டர்செப்ஷன் எடுத்திருந்தார், ரெவிஸ் 6. வுட்சனும் லேசுப்பட்டவர் இல்லை, மைதானத்தின் எல்லா மூலையிலும் இருந்தவர். அவருக்குக் கொடுத்தது தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால், நடந்ததை எண்ணுவது சுலபம், நடக்காமல் போனதை எண்ணுவது கஷ்டம் என்பதற்கு அந்த ஓட்டெடுப்பை ரசிகர்கள் இன்றும் உதாரணமாகப் பேசுகிறார்கள். ரெவிஸ் அந்த விருதைக் கடைசிவரை வாங்கவே இல்லை. 2023-ல் தகுதி பெற்ற முதல் வருஷத்திலேயே ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார் என்பது மட்டும் ஆறுதல்.

அதே ஆள், வேற வேலை

அசமுவா கதைக்கு இன்னொரு பாதி இருக்கிறது. 2011-ல் ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் அணி அவரை 5 வருஷத்துக்கு 6 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வாங்கியது. ரெண்டே சீசன். 2013-ல் விடுவித்துவிட்டார்கள். என்னாச்சு?

வயசும் ஒரு காரணம்தான். ஆனால் வேலையே மாறிப்போச்சு என்பதுதான் முக்கியம். ஓக்லாண்டில் அவர் செய்தது 'மேன்' காவல். ஒரு ரிசீவரைக் கோட்டிலேயே மறித்து, அவர் எங்கே போனாலும் கூடவே போவது. ஃபிலடெல்பியாவில் 'ஸோன்' காவல் அதிகம். இதில் ஆளைக் காக்கக் கூடாது, இடத்தைக் காக்க வேண்டும். தன் ஏரியாவுக்குள் யார் வருகிறார்கள், குவார்ட்டர்பேக் எங்கே பார்க்கிறார் என்று இரண்டையும் கவனித்து, ஆளை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒன்று கண்காணிப்பு, இன்னொன்று போக்குவரத்தைச் சீர்செய்வது மாதிரி. ஒன்றில் கில்லியாக இருப்பவர் இன்னொன்றில் தடுமாறலாம்.

பார்க்கிற நமக்கும் இங்கேதான் குழப்பம் வரும். ஸோன் காவலில் ஒரு ரிசீவர் தனியாக நின்று பந்தைப் பிடிக்கிறார். பக்கத்தில் கார்னர்பேக் பரிதாபமாக ஓடி வருகிறார். 'இவன் விட்டுட்டான்!' என்று திட்டுவோம். ஆனால் அந்த இடம், பின்னால் நிற்கும் சேஃப்டி என்ற ஆட்டக்காரரின் பொறுப்பாக இருந்திருக்கலாம். இவர் பக்கத்து வீட்டுத் தீயை அணைக்க ஓடிவந்தவராக இருக்கலாம். அணிக்குள் கொடுத்த உத்தரவு தெரியாமல், பழியை யார் தலையில் போடுவது என்று அடித்துச் சொல்ல முடியாது.

யாருக்கு எதிரா யாரை நிறுத்துறது?

ஒரு அணியில் பொதுவாக இரண்டு மூன்று கார்னர்பேக்குகள் களத்தில் இருப்பார்கள். எதிரணியில் உயரமான ரிசீவர், குட்டையான மின்னல் வேக ரிசீவர், நடுவில் நுழைந்து ஓடுபவர் எனப் பல ரகம். யாருக்கு யார் என்று ஜோடி சேர்ப்பதைத்தான் 'மேட்ச்-அப்' என்கிறார்கள்.

சில கோச்சுகள் தங்கள் பெஸ்ட் ஆளை எதிரணி ஸ்டாரின் பின்னாலேயே மைதானம் முழுக்க அனுப்புவார்கள். சிலர் 'நீ இடப்பக்கம், நீ வலப்பக்கம்' என்று பிரித்துவிடுவார்கள். சியாட்டிலில் ரிச்சர்ட் ஷெர்மன் பெரும்பாலும் இடப்பக்கத்திலேயே நின்று பெயர் வாங்கினார். இன்னும் சிலருடையது குறும்பான கணக்கு. எதிரணி ஸ்டாருக்கு இரண்டு பேரைப் போட்டு அடைத்துவிட்டு, தங்கள் பெஸ்ட் ஆளை இரண்டாவது ரிசீவரிடம் தனியாக அனுப்புவார்கள். இப்படிச் செய்தால் எதிரணியின் முதல் இரண்டு கதவுகளும் மூடிவிடும்.

மேட்ச்-அப் ஆட்டத்தையே எப்படிப் புரட்டும் என்பதைப் பார்க்க, 2015 பிப்ரவரி 1-ல் நடந்த சூப்பர் பௌல் ஒன்றே போதும். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸும் சியாட்டில் சீஹாக்ஸும் மோதின. சியாட்டிலின் கிறிஸ் மாத்யூஸ் அதற்கு முன் என்.எஃப்.எல்-ல் ஒரு கேட்ச்கூடப் பிடிக்காதவர். ஆனால் உயரம் 6 அடி 5 அங்குலம். அவருக்கு எதிராக நின்ற கைல் ஆரிங்டன் 5 அடி 10 அங்குலம். பந்தை உயரமாகத் தூக்கிப் போட்டார்கள், மாத்யூஸ் எட்டிப் பிடித்தார். யாருக்கும் தெரியாத ஒருவர் 109 யார்டு சேர்த்துவிட்டார்.

நியூ இங்கிலாந்து சுதாரித்தது. 6 அடி 4 அங்குல பிராண்டன் பிரௌனரை மாத்யூஸ் பக்கம் அனுப்பியது. ஆரிங்டனை வெளியே எடுத்துவிட்டு, டிராஃப்ட்டில் எந்த அணியுமே தேர்வு செய்யாத புதுமுகம் மால்கம் பட்லரை உள்ளே இறக்கியது. மாத்யூஸின் கணக்கு 4 கேட்ச்சோடு நின்றுபோனது.

இரண்டு ப்ளே, ஒரே பாடம்

இப்போ கிளைமாக்ஸ். நியூ இங்கிலாந்து 28-24 என முன்னிலை. நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சியாட்டிலின் ஜெர்மைன் கெர்ஸ் பக்கம் ஒரு நீள பாஸ். கூடவே பறந்த பட்லர் பந்தைத் தட்டிவிட்டார். கீழே விழுந்த கெர்ஸின் கால், கை எனப் பட்டுக் குதித்த பந்து கடைசியில் அவர் கைக்கே வந்து சேர்ந்தது! 33 யார்டு. அதற்குமேல் அருமையாக யாராலும் காவல் காத்திருக்க முடியாது. ஆனால் புள்ளிவிவரத்தில் அது, பட்லர் விட்டுக்கொடுத்த 33 யார்டு.

கொஞ்ச நேரத்தில் சியாட்டில் கோல் கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு தூரத்துக்கு வந்துவிட்டது. 26 விநாடி மிச்சம். வலப்பக்கம் ஒருவர் பின் ஒருவராக இரண்டு ரிசீவர்கள் நிற்கிறார்கள். திட்டம் இதுதான்: முன்னால் நிற்கும் கெர்ஸ் தடுப்பாட்டக்காரர்களை மறிக்க வேண்டும், பின்னால் இருக்கும் லாக்கெட் அந்த மறைவில் உள்ளே நுழைந்து பந்தைப் பிடிக்க வேண்டும். இதே ப்ளேயில் பயிற்சியின்போது ஏமாந்தவர் பட்லர். அந்த நிற்கும் முறையைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. பந்து கிளம்பியதும் பாய்ந்தார், பறித்தார். கோப்பை நியூ இங்கிலாந்துக்கு.

ஒரே இரவில் பட்லர் ஸ்டார். ஆனால் ரீப்ளேயை இன்னொரு முறை பாருங்க. கெர்ஸை நகரவிடாமல் கோட்டிலேயே நெஞ்சில் கைவைத்து நிறுத்தியது பிரௌனர். அவர் அசைந்து கொடுத்திருந்தால் பட்லருக்குப் பாய வழியே இருந்திருக்காது. அந்தப் ப்ளேயில் பட்லருக்கு ஒரு இன்டர்செப்ஷன். பிரௌனருக்கு? ஒரு எண்கூட இல்லை.

சில நிமிஷ இடைவெளியில் நடந்த அந்த இரண்டு ப்ளேக்களைப் பாருங்க. முதலாவதில் சரியாக ஆடியவருக்கு மைனஸ். இரண்டாவதில் சரியாக ஆடிய இருவரில் ஒருவருக்கு மட்டும் பிளஸ். கார்னர்பேக்கை எண்களால் மட்டும் அளக்கும்போது என்ன தவறிப்போகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அப்போ எண்களே வேஸ்ட்டா?

அப்படியும் இல்லை. எந்த எண், எவ்வளவு சொல்லும் என்று தெரிந்து பார்த்தால் போதும்.

*எத்தனை முறை குறிவைத்தார்கள்?* ஒரு கார்னர்பேக் பக்கம் பந்து வருவது குறைவு என்றால் அது மரியாதை. ஆனால், எதிர்ப்பக்கம் நிற்பவர் ரொம்ப வீக்காக இருந்தாலும் பந்து அங்கேதான் போகும். ரெண்டையும் சேர்த்துப் பாருங்க.

*காவல் காத்த ஒவ்வொரு ப்ளேக்கும் எத்தனை யார்டு?* 10 ப்ளேயில் 30 யார்டு விடுவதும் 40 ப்ளேயில் 30 யார்டு விடுவதும் ஒன்றல்ல. மொத்த யார்டைவிட இந்தக் கணக்கு நியாயமானது.

*எதிராக எறிந்தவரின் பாஸர் ரேட்டிங்.* இவர் பக்கம் எறியும்போது குவார்ட்டர்பேக்குக்குக் கிடைக்கும் மதிப்பெண். உச்சம் 158.3. ஒரு ஜாலி தகவல்: குவார்ட்டர்பேக் ஒவ்வொரு பந்தையும் தரையில் போட்டு வீணடித்தாலே 39.6 வந்துவிடும். அதற்கும் கீழே ஒரு கார்னர்பேக் கொண்டுவந்தால், பந்தைத் தரையில் எறிவதே மேல் என்று அர்த்தம்!

*இடைவெளி.* ஆட்டக்காரர்களின் தோள் கவசத்துக்குள் இருக்கும் சிப், விநாடிக்கு 10 முறை அவர்கள் நிற்கும் இடத்தைப் பதிவு செய்கிறது. பந்து வந்து சேரும் நொடியில் ரிசீவருக்கும் காவலருக்கும் எத்தனை யார்டு இடைவெளி என்பதை இப்போது துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. முன்வரிசை ஆட்கள் குவார்ட்டர்பேக்கை இரண்டு விநாடியில் நெருக்கிவிட்டால், சாதாரண கார்னர்பேக்கும் சூப்பராகத் தெரிவார். ஐந்து விநாடி நிம்மதியாக நிற்கவிட்டால் ரெவிஸே வந்தாலும் திணறுவார். இது ரெண்டு பக்கமும் வேலை செய்யும். எறிய ஆள் கிடைக்காமல் குவார்ட்டர்பேக் பந்தோடு தவித்து, கடைசியில் சாய்க்கப்பட்டால், பாராட்டு சாய்த்தவருக்குப் போகும். காரணம், பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடிய கார்னர்பேக்.

மொபைலில் மேட்ச் பார்க்கிறீங்களா?

செப்டம்பரில் சீசன் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமையின் முதல் ஆட்டங்கள் நமக்கு இரவு 10.30-க்கு (நவம்பரில் அங்கே கடிகாரத்தை மாற்றியபின் 11.30-க்கு). அடுத்தமுறை பார்க்கும்போது இந்த நாலையும் ட்ரை பண்ணுங்க.

1. பந்து கிளம்பும் முன், கார்னர்பேக் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்? மூக்குக்கு மூக்கு நின்றால் மறிக்கப்போகிறார். ஏழெட்டு யார்டு தள்ளி நின்றால் நீள பாஸுக்குப் பயம் இருக்கிறது.

2. ஆட்டம் தொடங்கும் முன் ஒரு ரிசீவர் குறுக்கே ஓடினால், கூடவே ஒருவர் ஓடுகிறாரா? ஓடினால் பெரும்பாலும் மேன். அசையாமல் நின்றால் பெரும்பாலும் ஸோன்.

3. பின்னால் சேஃப்டி எத்தனை பேர்? இரண்டு பேர் ஆழத்தில் நின்றால் கார்னர்பேக்குக்குத் துணை இருக்கிறது. ஒருவர் மட்டும் நடுவில் நின்றால் ஓரத்தில் இருப்பவர் ஏறக்குறைய தனி ஆள்.

4. ரீப்ளேயில் பந்தை விட்டுவிட்டு, பந்து போகாத பக்கத்தைப் பாருங்க. நேரடி ஒளிபரப்பு பந்தின் பின்னாலேயே ஓடும். 22 பேரும் தெரியும் 'ஆல்-22' கோணம் கிடைத்தால் விடாதீங்க. கோச்சுகள் பார்ப்பது அதைத்தான்.

2024 சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது, டென்வர் பிராங்கோஸ் அணியின் பேட்ரிக் சர்டெய்ன் என்ற கார்னர்பேக்குக்குக் கிடைத்தது. 2019-ல் ஸ்டீஃபன் கில்மோர் வாங்கியபின் ஒரு கார்னர்பேக் அதை வாங்குவது அதுதான் முதல் முறை. கில்மோர் வாங்கிய வருஷம் 6 இன்டர்செப்ஷனோடு லீக்கின் முதலிடத்தைப் பகிர்ந்திருந்தார். சர்டெய்ன் எடுத்தது வெறும் 4. ஆனாலும் ஓட்டுப் போட்டவர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பக்கம் வராமல் போன பந்துகளையும் சேர்த்து எண்ண, மெதுவாகக் கற்றுக்கொள்கிறார்கள் போல.

அதனால், ஒரு மேட்ச் முழுக்கப் பார்த்து முடித்து, 'ஆமா, அந்த ஓரத்துல நின்னவர் பேரு என்ன? ஒரு தடவைகூடச் சொல்லலையே?' என்று உங்களுக்குத் தோன்றினால், அவரை லேசா நினைச்சுடாதீங்க. அந்த ராத்திரி எதிரணி குவார்ட்டர்பேக்குக்கு மறக்க முடியாத பேர் அதுவாகத்தான் இருக்கும்.